மெஷினில் தங்கிய பொடி

சண்முகவடிவுக்கு ஊரில் இருந்த ஒரே பெயர் அவள் கறிப்பொடிக்குக் கிடைத்த பெயர்தான். பாட்டு வராது. கோலம் போட்டால் கோணும். பெயரில் இருக்கிற வடிவு ஆளிடம் இல்லையே என்று கல்யாணத்தன்றே மாப்பிள்ளை வீட்டில் யாரோ காதுபடச் சொன்னார்கள், அதை அவள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் சேனைக்கிழங்கை அவித்து, எண்ணெயில் புரட்டி, இறக்குகிற நேரத்தில் அவள் பொடியைத் தூவிவிட்டால் போதும், சங்கரன்கோவிலில் இருக்கிற அத்தனை சொந்தக்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிடுவார்கள். அந்தக் குடும்பத்தில் பேச்சை நிறுத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. அதற்கு 'வடிவு பொடி' என்றே பெயர் விழுந்துவிட்டது. தீபாவளிக்கு வந்து திரும்புகிறவர்கள் அதிரசத்தை மறந்தாலும் மறப்பார்கள், அந்த டப்பாவை மறக்கமாட்டார்கள்.

பொடியை ஒளித்துச் செய்ய முடியாது. வத்தல் வறுத்தால் தெருவே தும்மும். காரத்துக்குச் சம்பா வத்தல், வாசனைக்குக் குண்டு வத்தல், மல்லி, கடலைப்பருப்பு, உளுந்து, எல்லாம் தனித்தனியாக, அடுப்பைத் தணித்து வைத்து. கட்டிப் பெருங்காயம் எண்ணெயில் பொரிந்து பூக்கணும். மிளகும் சீரகமும் சட்டியின் சூட்டிலேயே புரண்டால் போதும். சோம்பு, பட்டை, கிராம்பு, பூண்டு இதெல்லாம் அந்த வீட்டு வாசல்படி ஏறியதில்லை. சைவ வீடு. "எங்க பொடியில அந்த வாடையெல்லாம் மருந்துக்கும் இருக்காது" என்று கல்யாண வீடுகளில் பந்திக்குப் பந்தி சொல்வாள், யாரும் கேட்காமலே.

ரகசியம் ஒன்று உண்டு. பின்வாசல் நாரத்தை மரத்து இலையைப் பறித்து, நரம்பு நீக்கி, நிழலில் காயவைத்து, முந்தானையில் முடிந்துகொண்டு போய், மில்லில் தகர டின்னைத் திறக்கிற கடைசி நொடியில் உள்ளே போட்டுவிடுவாள். பொடியின் ருசியெல்லாம் அந்த இலையில்தான் இருக்கிறது என்று அவள் நம்பினாள். கணவர் பால்வண்ணத்துக்குக்கூடச் சொன்னதில்லை. சொன்னாலும் அவர் காதில் வாங்கியிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனுஷன் அவர். "இன்னுங் கொஞ்சம் வை" என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கேட்கவில்லை என்றால் அர்த்தத்தை அவளே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வருஷம் அந்தப் பொடிக்குப் பெரிய வேலை வந்திருந்தது. பால்வண்ணத்தின் தங்கை செண்பகம் அடுத்த தெருவில் இருக்கிறாள். அவள் மகன் ஆவுடையப்பனுக்கு நாகர்கோவிலில் பெண் எடுத்துக் கல்யாணம் முடிந்திருந்தது. பெண் மாப்பிள்ளைக்கு முதல் விருந்து தாய்மாமன் வீட்டில்தான், அதாவது வடிவு வீட்டில்தான். சம்பந்தியம்மாளும் வருகிறாள். செண்பகமோ கல்யாணப் பேச்சு தொடங்கின நாளிலிருந்தே, "எங்க வீட்டுப் பொடிய நீங்க சாப்பிட்டுப் பாக்கணும்" என்று அந்தச் சம்பந்தியம்மாளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எந்த வீட்டுப் பொடி, யார் பொடி? வருகிற ஞாயிற்றுக்கிழமை அது இலையில் தெரிந்துவிடும் என்று வடிவு கருவிக்கொண்டிருந்தாள்.

விருந்துக்கு முந்தின வாரச் சனிக்கிழமை, வழக்கம்போல வறுத்ததை ஆறவைத்து டின்னைத் தூக்கிக்கொண்டு வேலாயுதம் மில்லுக்குப் போனாள். வாசலில் சுக்கா வண்டி சுடலைமுத்து எதிரே வந்தான். சாயங்காலமானால் தேரடிப் பக்கம் ஆட்டுக்கறிச் சுக்கா வறுத்து விற்கிறவன். கையில் சூடு ஆறாத மசாலாப் பை. வடிவு முந்தானையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினாள். அவனும் பழகினவன், "நீங்க போங்கம்மா" என்று சுவரோரம் நின்றுகொண்டான்.

"வாங்கக்கா" என்றார் வேலாயுதம். "சுடலை இப்பத்தான் போட்டுட்டுப் போறான். செத்த இருங்க, மெஷின் ஆறட்டும். எங்க, ஒங்க நாத்தனாரக் காணல?"

"அவ எதுக்கு?"

"எப்பவும் ஒங்க பின்னாடியே வருவாவளே. நீங்க அந்தப் பக்கம் போவீய, அவுங்க இந்தப் பக்கம் வருவாவ. மைனிக்கு அடுத்து எனக்குத்தான் போடணும் அண்ணாச்சி, மெஷினத் தட்டிராதீயன்னு கண்டிசனாச் சொல்லிருவாவ."

வடிவு கொடுக்கப் போன டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காரம் அரைக்கிற மெஷினில் எப்போதும் ஒரு கைப்பிடி தங்கும். மாவுக்கு முன்னால் என்றால் வேலாயுதம் தட்டித் துடைத்து, ஒரு கை அரிசி போட்டு ஓட்டிவிடுவார். காரத்துக்குப் பின்னால் காரம் என்றால் தட்டுவதில்லை. முன்னால் போட்டவர் பொடியில் கொஞ்சம் பின்னால் போட்டவருக்குப் போகும், இவர் பொடியில் கொஞ்சம் அடுத்தவருக்கு. ஊரெல்லாம் அப்படித்தான், யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அதையே குறிவைத்து ஒருத்தி வரிசையில் நிற்பாள் என்று யார் கண்டது? களவாணி, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பருப்பு கடன் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், பொடியைக் கேட்டிருந்தால் டப்பாவோடு கொடுத்திருப்பேன், இப்படி மெஷினிலிருந்து சுரண்டிக்கொண்டு போகிறாளே.

செண்பகம் அந்த நேரம் பார்த்து டின்னும் கையுமாக வந்து சேர்ந்தாள்.

"அட, மைனியும் வந்திருக்கியளா. போடுங்க போடுங்க, நா இருக்கேன்."

"நீ போடு செண்பகம். எனக்கென்ன அவசரம்."

"நல்லாருக்கே, மூத்தவுக நிக்கையில நா போடுறதா. நீங்க போடுங்க."

"கல்யாண வீட்டு அலைச்சல் ஒனக்குத்தான். சீக்கிரம் போட்டுட்டுப் போய்ச் சாஞ்சு கெட."

"எனக்கு ஒரு அலைச்சலும் இல்ல மைனி. உக்காந்து நாலு கத பேசத்தான் வந்தேன்."

"பேசு. பேசிட்டு நீ போடு."

வேலாயுதம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்குள்ள இம்புட்டு மரியாதையா? யாராவது ஒருத்தர் டின்னக் குடுங்க தாயீ, வெளிய ஆள் நிக்குது." யாரும் கொடுக்கவில்லை. வடிவு சிரித்தபடி டின்னை மடியில் இறுக்கிக்கொண்டாள். செண்பகமும் சிரித்தபடி தன் டின்னைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டாள். இதற்குள் கரண்ட் போனது. "வீட்ல பால் அடுப்புல இருக்கு" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வடிவு அரைக்காமலே கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் மில் கதவு திறக்கிற நேரத்துக்கே போய் நின்றாள். "மெஷின நல்லாத் தட்டித் தொடச்சிருங்க. அரிசி போட்டு ஓட்டிருங்க" என்று தன் வீட்டு அரிசியையே கொடுத்தாள். தன் பொடியை அரைத்து வாங்கினதும் இன்னொரு கை அரிசி போடச் சொன்னாள். "இனிமே யாரு வந்து நின்னாலும் மெஷின்ல மாவுதான் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு, தேர் இழுத்து நிலையில் சேர்த்த ஆள் மாதிரி நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்கு மதியம் உருளைக்கிழங்கு வறுவலுக்குப் புதுப் பொடியைப் போட்டாள். பால்வண்ணம் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். எழுந்து கை கழுவப் போனார்.

"வறுவல் இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா?"

"போதும்."

"ஏன், நல்லால்லயா?"

"நல்லாத்தான் இருக்கு. கடையில வாங்குனியோ?"

வடிவு வறுவல் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டாள். உருளைக்கிழங்கை வாயில் போட்டுப் பார்த்தாள். காரம் இருந்தது. உப்பு இருந்தது. பெருங்காயம் இருந்தது. நாரத்தை இலையும் எங்கோ லேசாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இரண்டாவது வாய் வேண்டும் என்று நாக்கு கேட்கவில்லை. மறுநாள் வாழைக்காயில் போட்டாள், அதுவும் அப்படியே. கொஞ்சம் மிளகை வறுத்துப் பொடித்துச் சேர்த்தாள், காரம் கூடியது, ருசி வரவில்லை. கூடுதலாக நாரத்தை இலை போட்டாள், கசந்தது. வத்தல் மாறியதா, மல்லி பழசா என்று டப்பாக்களையெல்லாம் மூக்கில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் அதே சாமான், அதே சட்டி, அதே கை. ஒருவேளை கைதான் மாறிவிட்டதோ என்று பயம் வந்தது. தனக்கென்று இருந்தது இந்த ஒன்றுதானே, அதுவும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாள் முன்னால் எந்த முகத்தோடு கரண்டி பிடிப்பது என்று கண் கலங்கியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோமதி அம்மனிடம் போய் முறையிட்டாள். எனக்கு நகை வேண்டாம் நட்டு வேண்டாம், என் பொடியைத் திருப்பிக் கொடு என்று கேட்டுவிட்டு, குங்குமத்தை மடித்து வைத்துக்கொண்டு தேரடி வழியாகத் திரும்பினாள். அந்த இடம் வந்தால் எப்போதும் முந்தானை தானாக மூக்குக்குப் போய்விடும். அன்றைக்கு ஒரு கையில் குங்குமம், ஒரு கையில் பூக்கூடை. மூக்கு திறந்தே கிடந்தது.

நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். காற்றில் அவள் வீட்டு அடுக்களை வாசனை வந்தது. சேனைக்கிழங்கை இறக்கிப் பொடி தூவினதும் எழும்புமே, அதே வாசனை. யார் வீட்டில் என் பொடி என்று சுற்றிலும் பார்த்தாள். வீடு ஒன்றுமில்லை. எதிரே சுடலைமுத்துவின் வண்டிதான் நின்றது. அகலச் சட்டியில் கறி புரண்டுகொண்டிருக்க, அவன் ஒரு டப்பாவிலிருந்து மசாலாவை எடுத்துச் சுழற்றித் தூவினான். மறுபடியும் அதே வாசனை, இன்னும் கொஞ்சம் பலமாக.

பட்டை, கிராம்பு, சோம்பு, கசகசா. போன சனிக்கிழமை வேலாயுதம் சொன்னது ஞாபகம் வந்தது. சுடலை இப்பத்தான் போட்டுட்டுப் போறான். மெஷின் ஆறட்டும்.

வடிவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை வருஷமும் அரைக்கப் போன சனிக்கிழமையெல்லாம் அவளுக்கு முன்னால் நின்றவன் இவன். மெஷினில் தங்கின இவன் மசாலாதான் முதலில் அவள் டின்னில் விழுந்திருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில், அமாவாசை விரதச் சாப்பாட்டில், ஓதுவார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய டப்பாவில், எல்லாவற்றிலும் சுடலைமுத்து இருந்திருக்கிறான். "மருந்துக்கும் இருக்காது" என்று தான் பேசின பேச்செல்லாம் ஞாபகத்துக்கு வந்து காது சுட்டது. அதில் கறி ஒன்றும் இல்லையே, கடையில் விற்கிற பட்டையும் கிராம்பும்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். சமாதானம் ஆனதோ இல்லையோ, வீடு வந்து சேருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் புதிதாக வத்தல் வறுத்தாள். தெரு தும்மியது.

மில்லில் ஆளே இல்லை. "வாங்கக்கா, அதுக்குள்ளயும் தீந்துபோச்சா? குடுங்க டின்ன" என்று வேலாயுதம் கை நீட்டினார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. வறுத்த சூடு ஆறல."

அவர் டின்னைத் தொட்டுப் பார்த்தார். "ஆறித்தானக்கா இருக்கு."

"உள்ளுக்குள்ள ஆறியிருக்காது."

பெஞ்சில் உட்கார்ந்தாள். சுடலைமுத்துவைக் காணவில்லை. அதற்குள் செண்பகம் வந்துவிட்டாள். மெஷின் சும்மா நிற்கிறது, மைனி டின்னோடு உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"போடலியா மைனி?"

"போடணும்."

"அப்ப போடுங்களேன்."

"போடுதேன்."

வேலாயுதம் தலையில் அடித்துக்கொண்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

கடைசியில் சுடலைமுத்து பையோடு வந்தான். இரண்டு பெண்கள் காத்திருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். "நீங்க ரெண்டு பேரும் போடுங்கம்மா. நா பொறவு வாரேன்."

"இல்லல்ல, நீ போடுப்பா" என்று வடிவு எழுந்தே விட்டாள். "ஒனக்கு யாவாரம் இருக்குல்லா."

"யாவாரம் சாயந்திரந்தானம்மா. எம் மசாலாவுக்குப் பின்னாடி ஒங்க பொடியப் போட்டா வாடை ஒட்டிக்கிடும். நீங்க சைவக்காரவுக."

"ஒட்டுனா ஒட்டிட்டுப் போவுது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு வடிவு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதாவது, அண்ணாச்சி நல்லாத்தான் அரைப்பாவ, ஒட்டாது. நீ போடு ராசா. ஒனக்கு அடுத்து நா போட்டுக்கிடுதேன்."

இதுநாள் வரை எதிரே வந்தால் மூக்கைப் பொத்துகிற அம்மா ராசா என்று கூப்பிடுகிறாளே என்று சுடலைமுத்து மிரண்டுபோனான். மறுபேச்சுப் பேசாமல் பையை அவிழ்த்தான். மெஷின் ஓடியது, பட்டையும் சோம்பும் கலந்த வாசனை மில் முழுக்கப் பரவியது. செண்பகம் மூக்கை உறிஞ்சினாள். இன்னொரு தடவை உறிஞ்சினாள். மெஷினைப் பார்த்தாள், சுடலைமுத்துவைப் பார்த்தாள், அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி மைனியைப் பார்த்தாள். வடிவு கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி" என்றாள் வடிவு, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தட்ட வேண்டாம். அப்படியே எனக்குப் போடுங்க."

மைனிக்கு அடுத்துச் செண்பகம் தன் டின்னைக் கொடுத்தாள், வாங்கினாள், போனாள். அவள் வாயைத் திறந்து திட்டியிருந்தாலும் வடிவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தன் பெயர் இப்போது செண்பகத்தின் வாயில் இருக்கிறது, அவள் எப்போது துப்புவாளோ என்று அன்று முழுவதும் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இலை போட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில், சம்பந்தியம்மாள் ஒரு பக்கம், செண்பகம் மறு பக்கம், பால்வண்ணம் ஓரத்தில். வடிவு சேனைக்கிழங்கு வறுவலைப் பரிமாறினாள். பேச்சு நின்றது. ஆவுடையப்பன் மாமனைப் பார்த்துத் தலையை ஆட்டினான். புதுப்பெண் இன்னும் வேண்டும் என்று இலையை லேசாக முன்னால் தள்ளினாள். வந்துவிட்டது, பழைய ருசி வந்துவிட்டது என்று வடிவு நெஞ்சில் கை வைத்தாள்.

சம்பந்தியம்மாள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள். மூடின கண்ணைத் திறந்தாள்.

"என்ன ஒரு ருசி. ஆனா ஏதோ ஒரு வாசன இருக்கு, பிடிபட மாட்டேங்கு. பட்டை, சோம்பு ஏதும் சேப்பியளோ? தப்பா எடுத்துக்கிடாதீங்க, எங்க தெருவுல சுக்காக் கடை ஒண்ணு இருக்கு, அந்தப் பக்கம் போனா..."

வடிவின் கையில் கரண்டி நின்றது. பால்வண்ணம்கூட நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்துப் பெயரும் அந்த நொடியில் கரண்டி நுனியில் தொங்கியது.

"பட்டையா?" என்றாள் செண்பகம், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லாக் கேட்டிய போங்க. எங்க மைனி பொடியில அந்த வாடையெல்லாம் மருந்துக்கும் இருக்காது. அது நாரத்தை எல. பின்வாசல்ல மரம் நிக்கு பாருங்க. காயவச்சுப் போடுவாவ. எல்லாருக்கும் அந்தக் கைப்பக்குவம் வராது."

"அப்படியா, அதான பாத்தேன்" என்று சம்பந்தியம்மாள் சமாதானமாகி, "இன்னுங் கொஞ்சம் வைங்க" என்றாள். அதே நேரத்தில் ஓரத்திலிருந்து பால்வண்ணமும், "ஏ வடிவு, இங்கயும்" என்றார்.

பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட உட்கார்ந்ததும், வடிவு செண்பகத்தின் கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்தாள்.

"நாரத்தை எல ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நா பொறந்து வளந்த வீடு மைனி இது. நீங்க பொடி வறுக்குற வாரமெல்லாம் அந்த மரத்துல ஒரு கொப்பு மொட்டையா நிக்கும். எனக்குக் கண்ணு இல்லயா? எல்லாப் பயலுக்கும் தெரியும், நீங்க ஆசையா ஒளிச்சு வச்சிருக்கியன்னுதான் யாரும் சொல்லல."

வடிவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அப்ப என்னத்துக்கு எம் பின்னாடியே வந்து நின்ன?"

"அந்த எலயப் போட்டும் எனக்கு ருசி வரலயே. ஒங்களது மெஷின்ல தங்குனாத்தான் கொஞ்சமாவது வந்துது. ஒங்க கைராசின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்." செண்பகம் சேலை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "ராசாவாம்ல, ராசா. சுடலைப்பய நேத்து ராத்திரி தூங்கியிருக்க மாட்டான்."

"சிரிக்காதட்டி, வெளிய கேக்கும்."

"கேக்காது. நா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், எங்க வீட்டு ஆள்ட்டகூட. ஆனா ஒண்ணு மைனி." அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு குரலைத் தணித்தாள். "இத்தன வருசமும் நீங்க சுரண்டுன மிச்சந்தான் எனக்கு. இனிமே சுடலைக்கு அடுத்து நா. எனக்கு அடுத்து நீங்க."

வடிவு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். சம்பந்தியம்மாள் பால்வண்ணத்திடம் ஊருக்குக் கொண்டுபோக அந்தப் பொடி ஒரு டப்பா கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். 'வடிவு பொடி' என்றே அவள் சொன்னது இவள் காதில் விழுந்தது.

"சரி" என்றாள் வடிவு. "முன்னாடி நீயே போடு. ஆனா போட்டுட்டு மெஷினத் தட்டிராத, என்ன?"